உங்களுக்குத் தெரியுமா? வறட்சி தாங்கும் அழகுப் புற்கள்

● உச்சி வெயிலில் புல்லின் இலைகள் குழல்போலச் சுருண்டிருந்தால் உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். இலையின் மேல்பக்கம் நீர் நிரம்பிய பெரிய செல்கள் உண்டு. ஈரம் குறைந்ததும் அவை சுருங்க, இலை உள்பக்கமாகச் சுருண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. மறுநாள் காலையிலும் விரியவில்லை என்றால்தான் தண்ணீர் தேவை.

● வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் அதிகம் படராது. நேராக 3 முதல் 4 மீட்டர் ஆழம்கூட இறங்கும். அதனால் பக்கத்துச் செடிகளின் ஈரத்தில் பங்கு கேட்பது குறைவு. தென்னிந்தியாவில் பயிராகும் ரகங்கள் முளைக்கும் விதையைப் பெரும்பாலும் தருவதில்லை. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். மண் அரிப்பைத் தடுக்க இதை வரிசையாக நடுவதை 1980-களில் உலக வங்கி இந்தியாவில் ஊக்குவித்தது.

● கரும்பும் புல் இனம்தான். அதன் தனித்துவமான ஒளிச்சேர்க்கை முறையை 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கினர். வெட்டிவேர், எலுமிச்சைப் புல் இரண்டிலும் அதே முறைதான். இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே உணவு தயாரிப்பதால் நீர் மிச்சமாகிறது.

● நியூயார்க்கில் ரயில் நின்றுபோன மேம்பாலப் பாதையில் புல்லும் பூண்டும் தாமாகவே முளைத்துக் கிடந்தன. அந்தத் தோற்றத்தையே முன்மாதிரியாகக் கொண்டு, தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஊடால்ஃப் செடிகளைத் தேர்ந்தெடுத்த ‘ஹை லைன்’ பூங்கா 2009-ல் திறக்கப்பட்டது.

● காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளுக்கு உயிர்நாடி கொழுக்கட்டைப் புல். அதே புல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் காட்டுத்தீயைப் பரப்பி, அங்குள்ள சகுவாரோ கள்ளிகளை அழிக்கிறது. வட ஆப்பிரிக்காவின் ஃபவுண்டன் கிராஸ் என்ற புல்லும் ஹவாய்த் தீவுகளில் இதேபோலத் தீயைப் பரப்புகிறது. வறட்சி தாங்கும் குணம் புல்லுக்கு வரம். பிறந்த மண்ணுக்கு வெளியே அதுவே ஆபத்தாகலாம். எனவே நம்மூர்ப் புல்லுக்கே முதலிடம் கொடுங்கள்.

● புல்லின் வளரும் முனை தரையை ஒட்டி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்குச் சற்று முன், ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினால் புதுத் தளிர் வரும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு குறைத்துவிடுங்கள். உரமும் நீரும் மிகுந்தால் தாள் பலமிழந்து சாயும்.