நாணயத்தாளின் அச்சுப் பிழையும் அதன் மதிப்பும்

நாணயம் என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் உடையது. கொடுக்கல் வாங்கலில் வழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். உலோகக் காசுக்குத் தன்னளவில் ஓரளவேனும் பெறுமதி உண்டு. காகிதத் தாளுக்கு அதுவும் இல்லை. வெளியிட்டோர்பால் மக்கள் வைத்த நம்பிக்கையே அதன் பெறுமதி. அவ்வாறாயின், அச்சுக் கோணிய தாள் மதிப்பிற் குறைந்ததா, அன்றிச் சேகரிப்போர் கருதுவதுபோல் மிகுந்ததா என்னும் வினா ஆராயத்தக்கது.

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் இவ்வினா வெறும் பொழுதுபோக்கு அன்று. சம்பள நாளிற் கைக்கு வந்த தாளில் சித்திரம் ஒருபுறம் சாய்ந்திருப்பின், கடைக்காரர் வாங்க மறுப்பாரோ என்னும் அச்சம் எழுதல் கூடும். அதற்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்னும் ஆசைவார்த்தையும் காதில் விழக்கூடும். அஞ்சுவோர் நல்ல தாளைக் குறைந்த தொகைக்குக் கொடுத்து இழப்பர். ஆசைப்படுவோர் பெறுமதியற்றதைப் பெருந்தொகைக்கு வாங்கி இழப்பர். நாட்சம்பளத்தால் வாழும் குடும்பத்துக்கு இரண்டும் பேரிழப்பே.

அச்சின் செம்மை வேறு, தாளின் மதிப்பு வேறு என்பதற்கு இம்மலைநாட்டு வரலாறே சான்று. 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்ட கோப்பி இலைநோய் சில ஆண்டுகளில் இலங்கைக் கோப்பிப் பயிரையே அழித்தது. கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்திற் கொடுப்பனவை நிறுத்தியது. அவ்வங்கியின் தாள்களில் அச்சுக் குறை யாதும் இல்லை. எனினும் அவற்றை வைத்திருந்தோர் திகைத்தனர். அக்காலத் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு ஏற்கும் என்று அறிவித்த பின்னரே கலக்கம் தணிந்தது. அவ்வாண்டிலேயே காகித நாணயச் சட்டம் இயற்றப்பட்டது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் வழங்கலாயின. அதற்கடுத்த ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. செவ்வையாக அச்சிடப்பட்ட தாளும் நம்பிக்கை நீங்கியவிடத்து மதிப்பிழக்கும் என்பது இதனாற் பெறப்படும். இதன் மறுதலையும் உண்மையே: முறைப்படி வெளியிடப்பட்ட தாள் அச்சுக் கோணியதனால் மட்டும் செல்லாததாகி விடாது. ஐயுறுவோர் அதனை வங்கியிற் காட்டித் தெளிவு பெறலாம். முகப்பெறுமதிக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டுவதில்லை.

இனி, முகப்பெறுமதிக்கு மேற்பட்ட விலை எப்பொழுது உண்டாகும் என்பதை ஆராய்வாம். அதற்குத் தாள் அச்சாகும் முறையை அறிதல் இன்றியமையாதது. நாணயத்தாள் ஒரே தடவையில் அச்சாவதன்று. பல தாள்களுக்கு இடந்தரும் பெருந்தாளின் இரு புறமும் முதலில் மெல்லிய பின்னணி நிறங்கள் பதியும். பின்னர்ச் செதுக்குத் தகட்டினால் உருவங்களும் எழுத்துக்களும் மிகுந்த அழுத்தத்துடன் பதியும். அதன்பின் தொடரெண்கள் தனியே பதியும். இறுதியிற் பெருந்தாள் தனித்தனித் தாள்களாக வெட்டப்படும். இப்படிகள் ஒவ்வொன்றிலும் சிறு விலகல் நேரலாம்.

ஆகவே, கோணிய தாளைக் கண்டவிடத்து முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எப்படியிற் பிழை நேர்ந்தது என்பதே. முன்புறச் சித்திரம், பின்புறச் சித்திரம், தொடரெண், ஓரம் ஆகிய நான்கையும் ஒப்புநோக்கின் விடை கிடைக்கும். முன்புறம், பின்புறம், எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி, ஓரம் மட்டும் ஏறுமாறாயின் அது வெட்டுப்பிழை. இரு புறச் சித்திரங்களும் சரியாக நிற்க, எண் மட்டும் இடம் மாறியிருப்பின் அது எண் பதிக்கையில் நேர்ந்த பிழை. ஒருபுறம் செம்மையாகவும் மறுபுறம் நகர்ந்தும் இருப்பின் அது அப்புறத்தை அச்சிடுகையில் நேர்ந்தது. தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால் இருபுற இசைவும் இசைவின்மையும் எளிதிற் புலப்படும்.

ஆயினும் காரணம் கண்டதனால் மட்டும் விலை உண்டாகி விடாது, அளவும் வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் விலகல் அச்சுத்தொழிலில் இயல்பானது. அத்தகைய தாள்கள் எண்ணிறந்தன. பழைய தாள்களில் இவ்விலகல் இன்னும் மிகுதி. முற்காலத்திற் செதுக்குத் தகட்டில் அச்சிடுமுன் காகிதத்தை நனைப்பது வழக்கம். அது உலருகையிற் சீரின்றிச் சுருங்கும். ஆகலின் அக்காலத் தாளொன்றில் ஓரங்கள் ஒவ்வாதிருத்தலை அரிய பிழை என்று கொள்ளலாகாது. பாதுகாப்பு இழை தாளுக்குத் தாள் சிறிது இடம் மாறி ஓடுவதும் பிழையன்று. அடுக்கி வைக்கையில் இழைகள் யாவும் ஒரே இடத்தில் அமைந்தால் அடுக்கு அவ்விடத்தே புடைக்கும் என்பதற்காகவே அவ்வாறு செய்யப்படுகின்றது. அடுத்த தாளின் சித்திரம் ஒரு பகுதியேனும் தெரியும்படி வெட்டப்பட்டதும், எண் சித்திரத்தின்மேல் ஏறி நிற்பதும், ஒருபுறம் அச்சே விழாததும் போன்ற வெளிப்படையான பிழைகளையே சேகரிப்போர் நாடுவர்.

மூன்றாவதாக, பிழை அச்சகத்துள்ளே நேர்ந்தது என்பதற்குத் தாளே சாட்சி பகர வேண்டும். மூலை மடிந்தபடி அச்சாகிய தாளை விரித்தால், வெற்றிடமும் மிகைக் காகிதமும் தோன்றும். அதனை முன்போல் மடித்துப் பார்க்கையிற் சித்திரத்தின் கோடுகள் முறியாது தொடருமாயின் அது மெய்ப்பிழை. அமெரிக்க 20 டொலர்த் தாள் ஒன்று இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. வாழைப்பழத்தில் ஒட்டும் சிறு சீட்டு ஒன்று அத்தாளில் ஒட்டியிருந்தது. சித்திரம் அச்சிட்ட பின்னும் எண்ணும் முத்திரையும் பதிக்கு முன்னும் அது விழுந்திருந்தமையால், அவை சீட்டின்மேலேயே பதிந்தன. வெளியார் எவரும் அவ்வாறு செய்திருக்க முடியாது. அத்தாள் 2006 இல் 25,300 டொலருக்கும் 2021 இல் 3,96,000 டொலருக்கும் ஏலம் போயிற்று. விலை கொடுத்தோர் கண்டது சீட்டை மட்டுமன்று, மறுக்கவியலாத அச்சாட்சியையுமாம்.

பின்னர்ச் செய்த போலிப் பிழைகளும் பல. வேதிப்பொருளால் ஒரு நிறத்தை நீக்குதலும், எண்ணைச் சுரண்டி அழித்தலும், சில நாடுகள் சேகரிப்போர்க்கென விற்கும் வெட்டாத பெருந்தாளை வாங்கிக் கோணலாக வெட்டுதலும் அவற்றுட் சில. சுரண்டிய இடத்திற் காகித நார் எழும்பி நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி அதனைக் காட்டிக்கொடுக்கும். நாணயத்தாளை வேண்டுமென்றே சிதைப்பதும் மாற்றுவதும் இலங்கைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

நான்காவது, அருமையும் தேவையும். பரிசோதகர் கண்ணுக்குத் தப்பிய பிழையே அரியது; ஏனையவை அச்சகத்திலேயே நீக்கப்படும். நீக்கியவற்றுக்கு ஈடாகத் தனிக் குறியுடைய தாள்கள் சேர்க்கப்படுவதும் உண்டு. இந்தியாவில் 2006 முதல் எண்ணின் முன்னெழுத்துக்குப் பின் உடுக்குறி இட்ட தாள்கள் அவ்வகையின. அவை பிழைத்தாள்கள் அல்ல, பிழைக்குப் பதிலாக வந்தவை. எத்துணை அரியதாயினும் வாங்குவோர் இல்லையேல் விலை இல்லை. விற்போர் கேட்கும் தொகை விலையாகாது. முன்னர் உண்மையிற் கைமாறிய தொகையே அளவுகோல். தாளின் நிலையும் கருதப்படும். ஆதலின் ஐயத்துக்குரிய தாளைக் கழுவுதல், இஸ்திரி போடுதல், பசைநாடா ஒட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

தோட்டத்து இல்லங்களின் பழைய தகரப்பெட்டிகளைத் துருவுவோர் பிழையினும் பழமையைத் தேடுதல் நன்று. யுத்தகாலத்திற் சில்லறை முட்டுப்பட்டபோது, 1942 இல் வெளியான 5 சதத் தாள் 2 சதம், 3 சதம் என இரண்டாகக் கிழிக்கும்படி நடுவே துளையிடப்பட்டிருந்தது. அதனைப் பிழை எனக் கருதி எறிந்துவிடுவோர் ஒரு வரலாற்றுச் சான்றையே இழப்பர். 1950 இல் நிறுவப்பெற்ற இலங்கை மத்திய வங்கி அடுத்த ஆண்டில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் உருவத்துடன் வெளியிட்ட ஒரு ரூபா, பத்து ரூபாத் தாள்களும் போற்றத்தக்கன.

எனவே, அச்சுக் கோணல் என்பது தானாக மதிப்பைத் தருவதும் அன்று, கெடுப்பதும் அன்று. எப்படியில் நேர்ந்தது, எவ்வளவு பெரிது, அச்சகத்துள் நேர்ந்ததற்குச் சான்று யாது, அதனை விரும்பி வாங்குவோர் உளரோ என்னும் நான்கு வினாக்களுக்கும் தக்க விடை கிடைத்த பின்னரே விலை பேசுதல் தகும். அதுவரை அத்தாளைக் கையிற் கொண்டோர்க்கு உறுதியாக உள்ளது அதன் முகப்பெறுமதி ஒன்றே. ஒரு நாள் கொழுந்து பறித்து ஈட்டிய அத்தொகையை அச்சத்தாலோ ஆசையாலோ எவரும் இழத்தல் ஆகாது.