தையில் அடை, ஆடியில் காசு: கோழி வளர்க்கும் வீட்டின் ஓராண்டு

கோழி வளர்க்கும் வீட்டில், "இத்தனை குஞ்சு பொரித்ததே, மிச்சம் எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "சீக்கு வந்து போச்சு" என்பது ஒன்று. "கீரி தூக்கிட்டுப் போச்சு" என்பது மற்றொன்று. இரண்டையும் தலைவிதி என்று விட்டுவிடுவதே நம் வழக்கம். ஆனால், சீக்கு வருவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. கீரி வருவதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. முதலாவதை நாட்காட்டியைப் பார்த்தும், இரண்டாவதை ஒரு நல்ல நாயை வைத்தும் சமாளிக்கலாம்.

இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், பத்துப் பெட்டைக் கோழிகள், ஒரு சேவல், வாசலில் ஒரு நாய். தமிழகத்தின் வறட்சிப் பகுதிகளில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். நிலக்கடலையோ சோளமோ விற்ற பணம் கடனுக்கும் உரத்துக்கும் போய்விடும். கோழி விற்ற பணம்தான் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் தங்கி, பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் உதவும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று முறை வரை முட்டையிட்டு அடைக்கு உட்காரும். அதில் இரண்டு முறை மட்டும் அடை வைத்து, மூன்றாவது முறை வருவதை வீட்டுக்கும் விற்பனைக்கும் வைத்துக்கொள்வதாக இருக்கட்டும். பத்துக் கோழிக்குப் பத்து முட்டை வீதம் இரண்டு முறைக்கு 200 முட்டைகள். பத்துக்கு ஏழு பொரித்தால் 140 குஞ்சுகள். இவற்றில் 100 தேறுகிறதா, 30 தேறுகிறதா என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

தை, மாசி: அடை வைக்கும் காலம்

வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருக்கும் தை மாதம் அடை வைக்க ஏற்றது. சிறுவிடைக் கோழிகள் அடைகாப்பதில் கெட்டி. ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் போதும். இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையாகப் பார்த்து, கூடையில் மணல் அல்லது வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால், கரு வளர்ந்ததில் ரத்த நரம்புகள் தெரியும். தெளிவாக இருக்கும் கூமுட்டையை எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு வெளிவரும்.

தை முதல் வாரத்தில் அடை வைத்தால் மாசி பிறப்பதற்கு முன்பே குஞ்சு பொரித்துவிடும். அந்தச் சேவல்கள் ஆடியில் ஐந்து மாதத்தைத் தாண்டியிருக்கும். ஆடிப் பெருக்கு, அம்மன் கோயில் கொடை என்று நாட்டுக்கோழிக்குக் கிராக்கி கூடும் நேரம் அது. மிஞ்சியவை தீபாவளிக்கு உதவும்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. தையில் அடை வைத்துப் பிறந்த குஞ்சு, வெள்ளைக் கழிச்சல் பரவும் கோடையில்தான் வளர வேண்டும்.

பங்குனி, சித்திரை: ஆபத்தான நாட்கள்

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்வதற்கு ராணிகேத் நோய் என்று பெயர். இமயமலைப் பகுதியில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ராணிகேத் என்ற ஊரில் 1920-களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நிலைத்தது. இது வைரஸ் நோய். கோழி இரை எடுக்காது, இறகு தொங்கும், வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும்.

கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. ஆனால், அந்த ஊசி எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கானது. தையில் அடை வைத்த குஞ்சுக்கு அப்போது ஒரு வாரம், இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். தாய்க்கோழிக்கு ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தால், பங்குனியில் குஞ்சுகள் மொத்தமாகச் சாயும். குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்குக் கீழே தோலடி ஊசி என்று மூன்று முறை போட வேண்டும்.

பத்துப் பதினைந்து குஞ்சு வைத்திருப்பவர் சொட்டு மருந்து போடாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ஒரு குப்பியில் 100 கோழிகளுக்கான மருந்து இருக்கும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். மீதியை வைத்திருந்து போட முடியாது. இதற்கு வழி, தெருவில் உள்ள ஏழெட்டு வீட்டார் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைப்பதுதான். குஞ்சுகளும் ஒரே வாரத்தில் பொரிக்கும். ஒரு குப்பி வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வராதவரை நம் கோழிக்கும் பாதுகாப்பு என்பதால், இதில் இரட்டை நன்மை.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் இடத்தில் வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டும். வெயிலில் பையில் போட்டுக் கொண்டுவந்தால் வீரியம் போய்விடும். காலையிலோ மாலையிலோ, நோயில்லாத கோழிக்கு மட்டும் போட வேண்டும். பெரிய கோழிகளுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது. சந்தையில் வாங்கிய கோழியை உடனே கூட்டத்தில் விடாமல் 15 நாட்கள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் மண் சட்டிகளில் தண்ணீரை நிழலில் நான்கைந்து இடங்களில் வைக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன்னும், மாலை தணிந்த பின்னும் தீவனம் போடலாம். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பலாம். இந்த மாதத்தில் முட்டை சீக்கிரம் கெடும். அடை வைப்பதைத் தள்ளிப்போடுவதே லாபம்.

கோடை மழை பெய்ததும் நிலத்தை உழும்போது கோழிகளை ஏர்ச்சாலுக்குப் பின்னால் விட்டுவிடுங்கள். மண்ணுக்கு மேலே வரும் வேர்ப்புழுக்களையும் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கித் தின்னும். கோழிக்குப் புரதம், நிலக்கடலைக்குப் பாதுகாப்பு.

ஆனி, ஆடி: விதைப்பும் விற்பனையும்

ஆடிப்பட்டம் விதைத்ததும் கோழி எதிரியாகிவிடும். விதையைக் கிளறித் தின்னும் என்பது ஒரு கவலை. பூச்சிமருந்து கலந்து நேர்த்தி செய்த விதையைத் தின்றால் கோழியே செத்துவிடும் என்பது அதைவிடப் பெரிய கவலை. விதைத்த நாளிலிருந்து பயிர் நன்றாக முளைத்து வரும்வரை, பத்துப் பன்னிரண்டு நாட்கள் அடைத்துத்தான் வளர்க்க வேண்டும். அந்த நாட்களில் கரையான் கைகொடுக்கும். பழைய பானையில் சாணம், கிழிந்த சாக்கு, சோளத்தட்டை போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்கு வேண்டிய கரையான் சேர்ந்திருக்கும்.

பொங்கல் விற்பனைக்கான இரண்டாவது அடையை ஆனிக் கடைசியில் வைக்க வேண்டும். அந்தக் குஞ்சுகளுக்கும் அதே மூன்று தடுப்பு மருந்துகள் உண்டு.

புரட்டாசி முதல் மார்கழி வரை

புரட்டாசியில் கறி விற்பனை குறையும். ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் கார்த்திகை, மார்கழியிலும் அப்படித்தான். விற்க வேண்டியதை ஆடி, ஆவணியிலேயே விற்றுவிட்டால் வீண் தீவனச் செலவு இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் கொட்டகைத் தரை ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அது அதிகம் தாக்கும். தரையில் உமி அல்லது கடலைத் தோல் பரப்பி, தினமும் கிளறிவிட்டு, ஈரமானதை அள்ளிவிட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். தண்ணீர் தேங்கிக் கொசு பெருகினால் அம்மை பரவும். மார்கழிப் பனியில் குஞ்சுகளுக்குக் கதகதப்பு தேவை. முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் பல்பு எரியவிட்டுக் காக்கலாம். பல்புக்கு அடியில் நெருங்கிக் குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓடினால் சூடு அதிகம் என்று பொருள்.

காவலுக்கு ஒரு நாய்

பகலில் கீரி, பருந்து, காகம். இரவில் மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. குஞ்சுகளுக்கு முதல் நான்கு வாரங்கள் கண்டம். இரவுக்கு உறுதியான கதவும் சிறுகண் வலையும் போதும். பகலில் மேயும்போது காவலுக்கு நாய்தான்.

இதற்கு விலை கொடுத்துச் சாதி நாய் வாங்க வேண்டியதில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை வேட்டைக்குப் பெயர் பெற்றவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இயல்பு. கோழிகளோடு சேர்ந்து வளர்ந்த சாதாரண நாட்டு நாயே சிறந்தது. குட்டியாக இருக்கும்போதே கோழி மேயும் இடத்தில் கட்டிவைத்துப் பழக்க வேண்டும். விளையாட்டாகக்கூடக் கோழியைத் துரத்த விடக் கூடாது. குஞ்சு வைத்திருக்கும் தாய்க்கோழியிடம் ஒருமுறை கொத்து வாங்கிய குட்டி, தானே மரியாதை கற்றுக்கொள்ளும்.

செத்த கோழியை நாய்க்குப் போடுவது பல வீடுகளில் வழக்கம். இதை அடியோடு நிறுத்த வேண்டும். கோழியின் ருசி கண்ட நாய் காவலுக்கு ஆகாது. நோயில் செத்ததை அது நாலு வீட்டுக்கு இழுத்துப்போய்ச் சீக்கையும் பரப்பும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே முறை. சமைத்த கோழி எலும்பும் நாய்க்கு ஆகாது. அது கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

கீரியோடும் நரியோடும் சண்டை போடும் நாய்க்கு வெறிநோய் வரும் வாய்ப்பு உண்டு. மூன்று மாதக் குட்டியில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் கட்டாயம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண் நாய் நாள்கணக்கில் ஊர் சுற்றப் போய்விடும். அந்த நாட்களில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது நல்லது. கருத்தடை செய்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

சுவரில் எழுதுங்கள்

அடை வைத்த அன்றே வீட்டு நாட்காட்டியில் நான்கு தேதிகளைக் குறித்துவிடுங்கள். ஜனவரி 15-ல் அடை வைத்தால், பிப்ரவரி 5-ல் குஞ்சு பொரிக்கும். பிப்ரவரி 12-ல் முதல் சொட்டு, மார்ச் 5-ல் இரண்டாவது சொட்டு, ஏப்ரல் 2-ல் ஊசி. மருந்துக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும், பயிற்சிக்கு மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். பொங்கலுக்கு முன்பே பக்கத்து வீட்டாரிடம் பேசிவைத்துவிட்டால், அடுத்த கோடைக்கு நீங்கள் தயார்.