தண்டவாளம் சொல்லும் செய்தி

மைசூருவிலிருந்து சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நாள்தோறும் தொடர்வண்டிகள் புறப்படுகின்றன. விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல இவற்றில் பயணம் செய்கின்றன. பயணிகள் உறங்கும் நள்ளிரவிலும் வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதுண்டு. அவ்வேகத்தில் ஓடும் வண்டியை உடனே நிறுத்த இயலாது. பிரேக்கை இயக்கிய பின்னும் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியே நிற்கும். முகப்பு விளக்கின் ஒளியோ அவ்வளவு தொலைவு எட்டுவதில்லை. ஆகவே, ஓட்டுநர் சைகை விளக்கை நம்பியே வண்டியைச் செலுத்துகிறார். முன்னே உள்ள பாதையில் வண்டி நிற்கிறதா, இல்லையா என்பது அவ்விளக்குக்கு எவ்வாறு தெரிகிறது?

ஒரு பிரிவில் ஒரு வண்டி

பெங்களூருவையும் மைசூருவையும் இணைக்கும் இருப்புப்பாதை 1882ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எந்த இருப்புப்பாதையும் பாதுகாப்புக்காகப் பல பிரிவுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு பிரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பதே அடிப்படை விதி.

ஒற்றைப் பாதைகளில் இவ்விதியைக் காக்க, முற்காலத்தில் உலோகப் பந்து வடிவிலான டோக்கன் பயன்பட்டது. அதனைத் தோற்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் பொருத்தி ஓட்டுநரிடம் தருவர். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. எனவே இரு வண்டிகள் ஒரே பிரிவில் நுழைய வழியில்லை.

மைசூருவில் கிருஷ்ணராஜசாகர் சாலையில் 1979ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பழைய சைகைகளையும் விளக்குகளையும் காணலாம். முற்காலத்துக் கைகாட்டி மரத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதன் கை கிடையாக நின்றால் ‘நில்’ என்று பொருள். கம்பியை இழுத்தால்தான் கை ‘செல்’ எனும் நிலைக்கு மாறும். கம்பி இடையில் அறுந்துவிட்டால், எடைக்கல்லின் சுமையால் கை தானே கிடைநிலைக்குத் திரும்பிவிடும். பழுது நேர்ந்தாலும் சைகை ‘நில்’ என்றே சொல்லும்.

சக்கரம் தரும் செய்தி

1872ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ராபின்சன் இதே கருத்தை மின்சாரத்தில் அமைத்தார். அது தடச்சுற்று எனப்படும்.

பாதைப் பிரிவின் இரு முனைகளிலும் மின்சாரம் கடவாத காப்புப் பொருளை இட்டு, அப்பிரிவின் தண்டவாளங்களைத் தனியாக்குவர். ஒரு முனையில் மின்கலமும் மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்தச் சாவியும் இணைக்கப்படும். வண்டி இல்லாதபோது மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, ரிலேவை இயக்கி, மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்பும். ரிலே இயங்கும்வரை பச்சை விளக்கு எரியலாம்.

வண்டி அப்பிரிவில் நுழைந்ததும் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அக்குறுக்கு வழியிலேயே திரும்பிவிடுவதால் ரிலேவைச் சென்று சேர்வதில்லை. ரிலே ஓயும், சிவப்பு விளக்கு எரியும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் முழுவதும் முறிந்து துண்டானாலும் பெரும்பாலும் இதுவே நிகழும். செய்தி வராவிட்டால் ஆபத்து எனக் கொள்வதே இவ்வமைப்பின் சிறப்பாகும்.

துருவும் அழுக்கும் படிந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் இணைப்புச் சரியாக அமையாமல் போகலாம். எனவே பல இடங்களில் அச்சு எண்ணும் கருவி பயன்படுகிறது. உள்ளே சென்ற அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியேறியவற்றின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால்தான் பாதை வெறுமையாக உள்ளது என்று அது தெரிவிக்கும்.

விளக்கின் தருக்கம்

இத்தருக்கத்தை ஒரு மாதிரி இருப்புப்பாதையில் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வட்டப் பாதை ஒன்றை 1, 2, 3, 4 என நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு சைகை விளக்கை நிறுத்த வேண்டும். பின்வரும் மூன்று விதிகள் போதும்:

• தன் பிரிவில் வண்டி இருந்தால் சிவப்பு.
• தன் பிரிவு வெறுமையாகவும் அடுத்த பிரிவில் வண்டி இருந்தும் உள்ள நிலையில் மஞ்சள்.
• இரு பிரிவுகளும் வெறுமையாக இருந்தால் பச்சை.

வண்டி 3ஆம் பிரிவில் இருந்தால் 3ஆம் விளக்கு சிவப்பு, 2ஆம் விளக்கு மஞ்சள், மற்றவை பச்சை. வண்டியின் கடைசிச் சக்கரமும் 4ஆம் பிரிவுக்குள் சென்றதும் 4ஆம் விளக்கு சிவப்பாக, 3ஆம் விளக்கு மஞ்சளாக, 2ஆம் விளக்கு பச்சையாக இருக்கும்.

மாதிரிப் பாதைகள் பலவற்றில் வண்டி ஓடுவதற்கான மின்சாரமே தண்டவாளத்தில் வருகிறது. எஞ்சின் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் ‘வண்டி உண்டு’ என்று உணர்கருவி அறியும். இதில் ஒரு குறை உண்டு. எஞ்சினிலிருந்து கழன்று நின்றுவிட்ட பெட்டி மின்சாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பெட்டி நிற்கும் பாதைக்கும் பச்சை விளக்கு எரியும்! இதனைத் தவிர்க்கப் பெட்டியின் அச்சில் 10,000 ஓம் மின்தடையைப் பொருத்துவர். தண்டவாளத்தில் 12 வோல்ட் இருந்தால், அது 1.2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். உணர்கருவிக்கு அச்சிறு அளவே போதுமானது. ஆயினும், உணர்கருவியின் கம்பி அறுந்தால் மாதிரிப் பாதை ‘வண்டி இல்லை’ என்றே சொல்லும். மெய்யான இருப்புப்பாதையில் அவ்வாறு சொல்ல இடமில்லை.

இணைக்கும் கையின் பொறுப்பு

2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளானது. நேர்ப்பாதையில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. பாதை மாற்றியோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கு நின்ற சரக்கு வண்டி மீது விரைவு வண்டி மோதியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சைகைச் சுற்றின் கம்பி இணைப்பில் நேர்ந்த தவறுகளே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டறிந்தது.

பாதை மாற்றி உரிய நிலையில் இருந்தால்தான் பச்சை எரிய வேண்டும் என்பது இடைப்பூட்டு விதி. அவ்விதி கம்பிகளின் வழியாகவே செயற்படுகிறது. கம்பியைப் பொய்யான இடத்தில் இணைத்தால், ரிலே அப்பொய்யையே மெய்யென அறிவிக்கும். ஆகையால், ஒரு கம்பியை மாற்றினாலும், பாதை மாற்றியின் நிலையும் விளக்கின் நிறமும் ஒத்திருப்பதைச் சோதித்த பின்னரே வண்டியை அனுமதிக்க வேண்டும்.

செய்து பார்க்க

இரண்டு அலுமினியத் தாள் பட்டைகளை ஒன்றையொன்று தொடாதவாறு இணையாக ஒட்டுக. ஒரு முனையில் மூன்று 1.5 வோல்ட் மின்கலங்களை வரிசையாக, 220 ஓம் மின்தடையுடன் இணைக்க. மறுமுனையில் பட்டைகளுக்கிடையே எல்.இ.டி. விளக்கை இணைக்க. விளக்கு எரியும், எரியாவிடில் அதன் கால்களை மாற்றி இணைக்க. பட்டைகளின் குறுக்கே ஓர் இரும்பாணியை வைக்க. பின்னர் ஆணியை எடுத்துவிட்டு, ஒரு கம்பியைக் கழற்றுக. இரு முறையும் நிகழ்வதை ஒப்பிடுக.

அருஞ்சொற்பொருள்

சைகை – சிக்னல்
தருக்கம் – காரண காரிய முறை
பாதை மாற்றி – வண்டியை வேறு பாதைக்குத் திருப்பும் அமைப்பு
இடைப்பூட்டு – ஒன்றன் நிலையை மற்றொன்றோடு பிணைக்கும் அமைப்பு

வினாக்கள்

1. கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால் என்ன நிகழும்?
2. வண்டி 1ஆம் பிரிவில் இருந்தால் நான்கு விளக்குகளின் நிறங்கள் யாவை?
3. தடச்சுற்றும் மாதிரிப் பாதையின் உணர்கருவியும் பழுது நேரும்போது எவ்வாறு வேறுபடுகின்றன?
4. “செய்தி வராவிட்டால் ஆபத்து எனக் கொள்க.” இவ்விதி பயன்படும் வேறோர் இடத்தைச் சுட்டி ஐந்து தொடர்கள் எழுதுக.