கடைந்தெடுத்த பாய்மரம்

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் வருகிறது. மரத்தைக் கடைந்தால் பம்பரம் வருகிறது. இரண்டு வேலைக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

பாட்டி தயிர் கடையும் காட்சியை நினைவுக்குக் கொண்டு வருவோம். மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பார். மத்து ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுழலும். பழங்காலத்துக் கடைசல் பட்டறையிலும் இதே கயிறு, இதே இழுப்புத்தான்! மத்து நிற்கும் இடத்தில் ஒரு மரக்கட்டை படுத்திருக்கும், அவ்வளவே வேறுபாடு. ஒருவர் கயிற்றை இழுக்க, தரையில் அமர்ந்த கைவினைஞர் உளியைக் கையால் பிடித்துக் கால்விரலாலும் அணைத்துக்கொள்வார். கட்டை தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். திரும்பிச் சுழலும்போது சும்மா இருக்கும்.

இந்தக் கடைசலைக் கற்றுக்கொண்டு, சிறிய மரக்கப்பல் ஒன்றுக்குப் பாய்மரம் செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று சிலர் நகைக்கலாம். உறவு உண்டு என்பதைப் போகப் போக அறிவோம்.

செப்பும் கடைசலும்

நாம் சிறுமியராய் இருந்தபோது சோறு பொங்கி விளையாடிய மரச் செப்புச் சாமான்கள் யாவும் கடைசலில் பிறந்தவையே. திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் இதற்குப் பேர் பெற்ற ஊர். கருநாடகத்துச் சென்னபட்டணத்திலும் இத்தொழில் செழித்தது. அங்கே வெட்பாலை மரத்தைப் பயன்படுத்துகின்றனர். வண்ணம் பூசும் முறை வியப்புக்குரியது. தூரிகை கிடையாது. சுழலும் பொம்மையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வினால் எழும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். பின்பு தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும்.

ரஷ்ய நாட்டுப் பேரரசர் முதலாம் பீட்டர் 1697-ஆம் ஆண்டில் ஹாலந்துக்குச் சென்று, கப்பல் கட்டும் துறையில் தச்சராய் வேலை செய்தார். அரண்மனைக்குத் திரும்பிய பிறகும் கடைசல் இயந்திரத்தை அவர் விடவில்லை. மணிமுடி தரித்தவரும் விரும்பிக் கற்ற தொழில் இது.

சிறிய லேத்

இன்று மாதிரிக் கப்பல் செய்வோர் மேசைமேல் வைக்கத்தக்க சிறிய கடைசல் இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றனர். பட்டறைகளில் இதை 'லேத்' என்றே சொல்வார்கள். இதன் உறுப்புகள் நான்கு. இடப்புறம் மோட்டாரால் சுழலும் தலைப்பகுதி, அதாவது ஹெட்ஸ்டாக். வலப்புறம் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கும் இரும்புப் படுக்கை. நடுவில் உளியைச் சாய்த்துக்கொள்ளும் தாங்கி. இவ்வளவுதான் லேத்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. உளியின் முன் மரம் ஓடும் வேகம், கட்டையின் சுற்றளவையும் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பதையும் பொறுத்தது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்திற்கு 1,000 முறை சுழல்வதும், 25 மில்லிமீட்டர் கட்டை 2,000 முறை சுழல்வதும் உளிக்கு ஒன்றே. ஆகவே பருத்த கட்டைக்கு மெதுவான வேகமும், மெல்லிய கட்டைக்கு விரைந்த வேகமும் வேண்டும். எந்தக் கட்டையானாலும் தொடக்கம் மெதுவாகவே இருக்கட்டும்.

நம் மலையின் மரங்கள்

கட்டைக்காக நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகளைக் கழிப்பார்கள். அவற்றில் நேராக வளர்ந்த துண்டுகள் பாய்மரத்துக்கு ஏற்றவை. ஆனால் இம்மரத்தின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். முதிர்ந்த தேயிலைச் செடியைப் பிடுங்கும்போது கிடைக்கும் தண்டு கெட்டியானது, நெருங்கிய இழை உடையது. கயிறு கட்டும் முளை, பீப்பாய் போன்ற சிறு உறுப்புகளுக்கு உகந்தது. தைல மரம் எங்கும் கிடைக்கும். ஆயினும் காயும்போது முறுக்கி வெடிக்கும் இயல்புடையது. கழித்த கிளையையும் பிடுங்கிய தண்டையுமே நாம் கேட்டு வாங்க வேண்டும். நிற்கும் மரத்தில் கைவைக்கலாகாது. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

கட்டை நன்றாகக் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. நம் ஊர்ப் பனியும் மழையும் மரத்தில் ஈரம் ஏற்றுவதால், காற்றோட்டமான பரணில் அடுக்கி வைப்பது நலம். ஈரக்கட்டையில் கடைந்த பாய்மரம் இன்று அம்பு போல் நிற்கும். அடுத்த மாதம் வில்லாக வளையும்!

எந்தக் கப்பல்?

மாதிரிக்கு ஒரு கப்பல் வேண்டுமே. இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 'அன்னபூரணி'யை எடுத்துக்கொள்வோம். 89 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடைய கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரான 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்பதைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்றனர். அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது.

ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கொண்டால், நம் அன்னபூரணி 22¼ அங்குல நீளம் இருக்கும். படிக்கும் மேசையில் அடங்கிவிடும். பெரிய கப்பல்களில் பாய்மரத்தை ஒரே மரமாக நிறுத்தாமல், அடிமரத்தின் மேல் மேல்மரத்தை இணைப்பது வழக்கம். நாமும் தனித்தனியாகக் கடையலாம். 32 அடி அடிமரம் என்றால் 8 அங்குலம். அடியில் ஓர் அடிக் கனம் என்றால் கால் அங்குலம். ஈர்க்குச்சியைவிடச் சற்றே தடித்தது! இதைக் கடைவதில்தான் நம் திறமை விளங்கும்.

கடையும் முறை

முதலாவதாக, கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் பிளந்தெடுக்க வேண்டும். பிளக்கும்போது மரம் தன் இழை வழியே பிரியும். இழை முனைக்கு முனை ஓடினால்தான் மெல்லிய பாய்மரம் முறியாது. 10 அங்குல நீளம், அரை அங்குலச் சதுரம் போதும். இரு முனைகளிலும் மூலைவிட்டங்களை வரைந்து நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். நான்கு விளிம்புகளையும் இழைப்புளியால் சீவி எட்டுப் பட்டையாக்கினால் லேத்தின் வேலை பாதி குறையும்.

அடுத்து, கட்டையை இரு முனைகளுக்கு இடையே பொருத்திக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பின்பே மோட்டாரை ஓட்டலாம். உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும்; அதன் பிறகே மரத்தைத் தொட வேண்டும். முதலில் குழி உளியால் உருட்ட வேண்டும். பின்பு சாய்வு உளியால் மென்மையாக்க வேண்டும். எப்போதும் பருத்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்தை நோக்கியே உளி செல்ல வேண்டும். எதிர்த்திசையில் சென்றால் இழை பிய்ந்து எழும்.

மெல்லிய கட்டை சுழலும்போது நடுவில் துள்ளி நடுங்கும். உளியை அழுத்த அழுத்த நடுக்கம் மிகும். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஆப்பு வடிவப் பள்ளம் வெட்டி மெழுகு தடவிய ஒரு மரத்துண்டைப் பின்புறம் நிறுத்தித் தாங்கச் செய்வது ஒன்று. உளியைத் தீட்டிக்கொண்டு அழுத்தத்தைக் குறைப்பது மற்றொன்று. கூரிய உளி மெல்லிய 'சர்ர்' ஒலியுடன் சுருள் சுருளாகச் சீவும். மழுங்கிய உளி கிறீச்சிட்டுத் தூளைக் கக்கும். கண்ணுக்கு முன்பே காது நமக்குப் பாடம் சொல்லிவிடும்.

பாய்மரம் மேலே செல்லச் செல்ல மெலியும். ஆனால் ஒரே சீராக அன்று. அடியில் மிகச் சிறிதளவும், உச்சிக்கு அருகே கூடுதலாகவும் மெலியும். ஆதலால் நீளத்தை நான்காகப் பிரித்துக் குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் காலிப்பரால் அளக்க வேண்டும். அளக்கும்போது லேத் நின்றிருக்க வேண்டும். அளவு வந்ததும் தாங்கியை அகற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இறுதியாக லேத்தை நிறுத்தி, இழையின் போக்கில் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல்கள் மறையும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இவ்வேலைக்கும் பொருந்தும். பெரும்பாலான பாய்மரங்கள் முறிவது முடிவில், முனையை அறுக்கும்போதுதான். சுழலும்போதே அறுத்து விடலாம் என்ற அவசரம் வேண்டாம். கழற்றி எடுத்துச் சிறு ரம்பத்தால் மெல்ல அறுப்போம். பின்பு தேன்மெழுகு பூசுவோம். குறும்பர் மக்கள் பாறைகளில் ஏறித் தேன் எடுக்கும் இம்மலையில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குப் 'பருமல்' என்று பெயர். அது நடுவில் பருத்து இரு முனையிலும் மெலியும். முறை ஒன்றே.

எச்சரிக்கை

இப்பகுதியைத் தங்கைமார் இருமுறை படிக்க வேண்டுகிறோம். பின்னலை மடித்துக் கட்டி உள்ளே செருக வேண்டும். தாவணி, வளையல், கழுத்துச் செபமாலை ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். கையுறை அணியக் கூடாது; அது சிக்கினால் கையையும் இழுத்துச் செல்லும். கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்குத் துணியும் தேவை. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் மோட்டாரைத் தொடக் கூடாது.

இது நமக்கும் உரியது

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை" என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவர்கள் நம் மலையையே சற்றுப் பார்க்கட்டும். கோத்தர் குலத்தில் மண்பாண்டம் வனைபவர்கள் பெண்களே. குயவர் சக்கரம் நிமிர்ந்து சுழலும் கடைசல் அல்லவா? சென்னபட்டணத்திலும் இன்று பெண்கள் கடைசல் பிடித்துக் குடும்பம் நடத்துகின்றனர். தயிரைக் கடைந்த கைகளுக்கு மரத்தைக் கடைய வராதா? செப்புச் சாமானை நம் கையில் கொடுத்த உலகம், அதைச் செய்த உளியையும் நம் கையில் கொடுக்கட்டும். பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

மணப்பாட்டுக் கடற்கரையில் ஒரு குன்று உண்டு. 1540-ஆம் ஆண்டில் புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசிய மாலுமி ஒருவர், தம் கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு சிலுவை செய்து அக்குன்றில் நாட்டினார் என்பது வழிவழிச் செய்தி. பாயைச் சுமந்த மரம் நம் ஆண்டவரின் அடையாளத்தைச் சுமந்தது! பாய்மரமும் பருமலும் சேர்ந்தால் சிலுவையின் உருவமே நம் கண்முன் நிற்கிறது. தச்சராகிய புனித சூசையப்பர் நம் கைகளுக்குப் பொறுமையும் உறுதியும் பெற்றுத் தருவாராக. அழுத்தாமல் வெட்டவும், அவசரப்படாமல் முடிக்கவும் மரம் நமக்குக் கற்றுக் கொடுக்கிறது. அப்பாடம் பாய்மரத்தோடு நின்றுவிடாது என்பது திண்ணம்.