தண்டுவடக் காயமும் குடலின் கடிகாரமும்

விபத்தில் தண்டுவடம் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள், "எப்போ நடப்பார்?" என்றுதான் கேட்கிறார்கள். மலம் எப்படிக் கழிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. வெளியிடத்தில் தன்னை அறியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கல்யாண வீட்டில் சாப்பிடாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிம் ஆண்டர்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடக் காயமுற்ற 681 பேரிடம் எது திரும்பினால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்கப்பட்டது. கை கால் செயலிழந்தவர்கள், கால் மட்டும் செயலிழந்தவர்கள் என இரு பிரிவினருமே சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை முக்கியமாகக் குறிப்பிட்டார்கள். ஊசியும் மின்சாரமும் சேர்ந்த மின் அக்குபஞ்சர் இதற்கு உதவுமா என்று குடும்பங்கள் விசாரிப்பதில் வியப்பில்லை.

எந்த இடத்தில் அடி?

குடல் சுவருக்குள் சொந்தமாக ஒரு நரம்பு வலை உண்டு. தண்டுவடம் அடிபட்டாலும் அது உயிரோடு இருக்கும். இரைப்பை தொடங்கிப் பெருங்குடலின் பெரும்பகுதி வரை வேகஸ் நரம்பு கவனித்துக்கொள்கிறது. அது மூளைத்தண்டிலிருந்து நேரே இறங்குவதால் தண்டுவடத்தை நம்பியில்லை. இடப்பக்கப் பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் கட்டளை வருவது தண்டுவடத்தின் அடிநுனியிலிருந்து. தேக்கம் அங்கேதான் அதிகம்.

காயம் அந்த நுனிக்கு மேலே இருந்தால் அனிச்சைச் செயல் மிஞ்சியிருக்கும், ஆசனவாய் இறுகியிருக்கும். கையுறை அணிந்த விரலால் மெல்லச் சுழற்றித் தூண்டினாலோ ஆசனவாய் மாத்திரை வைத்தாலோ குடல் பதில் சொல்லும். நுனியே சிதைந்திருந்தால் அந்தப் பதில் வராது. ஆசனவாய் தளர்ந்திருக்கும், விரலால்தான் எடுக்க வேண்டும். இவர்களுக்கு மலம் இளகினால் கசியும் என்பதால் பேதி மருந்தைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது. தன் உறவினர் எந்த வகை என்பதை வீட்டில் பராமரிக்கிறவர் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

இரவு தெரியாத உடல்

பெருங்குடல் இரவில் அடங்கிக் கிடக்கும். விழித்ததும் அசையத் தொடங்கும். சாப்பிட்டதும் அந்த அசைவு கூடும். இந்த இரவு பகல் ஒழுங்குக்கும் தண்டுவடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இருட்டிவிட்டது என்ற செய்தி மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியே மார்பின் மேற்பகுதி வரை இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலேறித்தான் பீனியல் சுரப்பியை அடைகிறது. அதனால் கழுத்தில் தண்டுவடம் முழுமையாகச் சிதைந்தவர்களுக்கு அந்தச் சுரப்பியின் தூக்க ஹார்மோனான மெலடோனின் இரவில் சுரப்பதில்லை. மார்பின் கீழ்ப்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அது வழக்கம்போலச் சுரக்கிறது.

உள்ளே அறிவிப்பு தடைபட்டிருக்கும்போது வெளியிலிருந்து நேரம் சொல்லியாக வேண்டும். ஒரே வேளையில் எழுப்புவது, ஒரே வேளையில் உணவு, சாப்பிட்ட அரை மணிக்குள் கமோட் நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பது, வயிற்றை வலமிருந்து இடமாக நீவிவிடுவது. பலன் உடனே தெரியாது. வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான் குடல் பழகும்.

மின் அக்குபஞ்சர் எங்கே நிற்கிறது?

தொப்புளுக்கு இருபுறமும், முழங்காலுக்குக் கீழும், சில சமயம் இடுப்பின் பின்புறத்திலும் ஊசி குத்தி, மெல்லிய மின்துடிப்பைச் செலுத்துவார்கள். சீனாவில் 15 மருத்துவமனைகளில் 1,075 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. எட்டு வாரத்தில் 28 முறை சிகிச்சை. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதம் பேருக்கு வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ தானாக, முழுமையாக மலம் கழிந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அவர்கள் தண்டுவடம் நலமாக இருந்த மலச்சிக்கல்காரர்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விளம்பரம் செய்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

ஏனென்றால் ஊசியின் செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது. ஹார்வர்டின் சியூஃபு மா குழு 2021இல் எலிகளிடம் காட்டியதும் இதுவே: பின்னங்காலில் கொடுத்த தூண்டல் மூளைக்கு ஏறி வேகஸ் நரம்பு வழியாக இறங்குகிறது. தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்பட்டவருக்கு அந்த ஏறும் பாதையே அடைபட்டிருக்கும். பாதி சேதமானவருக்கு வழி மிஞ்சியிருக்கலாம். இடுப்பின் பின்புற ஊசி அடிநுனி நரம்புகளை நேரடியாகத் தொடுவதால் அதில் நியாயமான எதிர்பார்ப்பு உண்டு. தண்டுவடக் காயத்துக்கென்றே நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவைச் சேர்ந்தவை, சிறியவை. உடல் கடிகாரத்தைத் திருத்திவிடும் என்ற பேச்சை அவை தாங்கா.

என் கருத்து இது: தினசரி ஒழுங்கை நிறுத்தாமல், அதற்குத் துணையாக மின் அக்குபஞ்சரை முயன்று பார்க்கலாம். ஒழுங்கு மட்டும் போதவில்லையென்றால், ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் கழுவும் முறையை முதலில் கேளுங்கள். 2006இல் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 87 தண்டுவடக் காயக்காரர்களிடமே சோதிக்கப்பட்டு, வழக்கமான பராமரிப்பைவிட மேலானதென்று தெரிந்த முறை அது.

ஊசிக்கு முன்

உணர்ச்சியற்ற தோலில் மின்சாரம் கூடினாலும் நோயாளி 'சுடுகிறது' என்று சொல்ல மாட்டார். புண்ணோ தழும்போ இருக்கும் இடத்தில் குத்தக் கூடாது. ஊசி புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மின்துடிப்பு கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

மார்பின் ஆறாவது தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயம் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. காயத்துக்குக் கீழே ஏற்படும் எந்தத் தூண்டலும், தேங்கிய மலமோ, அடைத்த சிறுநீர்க் குழாயோ, ஊசியோ, ரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தலாம். கடும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது இதன் அடையாளம். உடனே ஊசியை எடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லையென்றால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அங்கே ஒரு விஷயத்தை நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 என்று பார்த்து, "பெரிசா ஒண்ணுமில்லை" என்று யாரும் அனுப்பிவிடாதபடி, அவருடைய வழக்கமான அளவையும் காயத்தின் மட்டத்தையும் ஒரு அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலேயே வைத்திருங்கள்.