தோல் ஊர்க்காரர்களே, இந்தத் தோலைத் தெரியுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை! தொட்டுப் பார்த்தே ஆடா மாடா என்று சொல்லும் கைகள் உள்ள ஊர்கள். மூச்சு விடும் தோலைத் தொட்டதுண்டா?

மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்பு தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் வழியாகவே நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது!

அதைத் தொட்டியில் வளர்த்தவர்கள் கண்டது இன்னும் பெரிய வித்தை. சட்டை உரிக்க நிலப்பாம்புக்குக் கல் உண்டு, முள் உண்டு. நடுக்கடலில் உரச என்ன இருக்கிறது? தன் உடம்பிலேயே முடிச்சுப் போடுகிறது! வளையத்துக்குள் உடம்பை நுழைத்து இறுக்கி, உடம்போடு உடம்பு உரச முடிச்சை நகர்த்திக்கொண்டே போகிறது. பழைய சட்டை கழன்றுவிடும். ஒட்டியிருந்த கொட்டலசும் உதிர்ந்துவிடும்.

கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகும் இதற்குத் தாகம் எடுக்கும், தெரியுமா? ஆய்வுக்கூடத்தில், தாகத்தோடு தவித்தபோதும் கடல்நீரை ஒரு வாய் குடிக்கவில்லை. நல்ல தண்ணீர் கிடைத்ததும் குடித்தது. கோஸ்டா ரிக்கா கடலோரத்தில் மழையில்லாத 6, 7 மாதங்களை வறட்சியிலேயே கழிக்கிறது என்று ஹார்வி லில்லிவைட் குழு 2014இல் எழுதியது. வெறும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அடைப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

தோலுக்கே திரும்புவோம். ஆலிவ் கடல்பாம்பு என்ற இன்னொரு இனத்தின் வால் தோலுக்கு வெளிச்சம் தெரியும். வாலில் ஒளி பட்டால் போதும், இழுத்துக்கொள்ளும்.

தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய பகுதி நம்முடையது. அடுத்ததைக் கவனித்துப் படியுங்கள். நியூ கலிடோனியாவில் நகரக் கழிவு கலக்கும் கடலில் ஆமைத்தலைக் கடல்பாம்புகள் கன்னங்கரேலென்று இருக்கின்றன. கருத்த தோலில் துத்தநாகம் போன்ற உலோகங்கள் அதிகம் சேர்கின்றன. கருத்த பாம்பு அடிக்கடி சட்டை உரிப்பதால் அந்த நஞ்சும் வெளியேறுகிறது என்பது 2017இல் வந்த ஆய்வின் கணிப்பு!

தோல் சந்தையும் நீர்ப்பாம்பை விடவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் ‘கருங்’ என்று விற்கும் தோல், அரம் போன்ற செதிலும் தொளதொள உடம்பும் கொண்ட நீர்ப்பாம்புடையது. நம் நாட்டிலோ இருளர் பிடித்த பாம்புகளின் தோல் கப்பலேறியது. 1976இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1978இல் அதே இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் பாம்புகளைச் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மீண்டும் வெளியில் விடுகிறார்கள். அதே கைகள், இப்போது உயிர் காக்கின்றன!

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்: அந்தப் பானைகளில் இந்த நான்குக்கே இடம். நம் நாட்டு விஷமுறிவு மருந்தும் இந்த நான்குக்குத்தான். கடல்பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. எந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டு தெரியுமா? நம் மீனவர் வலையிலும் மாட்டும் வலைக்கடியன்!