தோல் தொட்டியிலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரை

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதில் தோலோடு தங்குவது மிகச் சிறு பங்கு. மீதி முழுவதும் உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம், முடி, கொழுப்பு என்று கிடைத்ததையெல்லாம் சுமந்துகொண்டு கழிவுநீராக வெளியேறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வரிசையாக அமைந்த ஊர்களில் நூற்றுக்கணக்கான டேனரிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் இந்த நீர் ஆற்றுக்கோ வயலுக்கோ போகாமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத் தரைக்கு மேலும் கீழும் போடப்பட்டிருக்கும் வாய்க்கால், தொட்டி, குழாய், பம்ப் ஆகியவற்றின் அமைப்பு வெளியார் கண்ணில் அதிகம் படுவதில்லை. ஆனால் சுத்திகரிப்பின் பாதி வெற்றி அங்கேதான் தீர்மானமாகிறது.

ஒரே கூரையின் கீழ் பல நீர்கள்

டேனரியின் கழிவுநீர் ஒரே குணமுள்ளதல்ல. கெடாமலிருக்க உப்பிட்டு வைத்த தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்த ஊறல் நீரில் உப்பு மிகுந்திருக்கும். ரத்தமும் அழுக்கும் கலந்திருக்கும். அடுத்து, முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்த தொட்டியிலோ டிரம்மிலோ தோல் கிடக்கும். அங்கிருந்து வரும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 12ஐ ஒட்டி இருக்கும். பிறகு சுண்ணாம்பைக் கழுவி நீக்கி, உப்பும் அமிலமும் சேர்த்துத் தோலைப் பக்குவப்படுத்துவார்கள். 'பிக்ளிங்' எனப்படும் இந்தக் கட்டத்தின் நீர் பி.எச். 3ஐ ஒட்டிய அமில நீர். அதன்பின் குரோமியம் உப்பில் தோல் பதமாகி, நீலம் பாய்ந்த 'வெட் ப்ளூ' ஆகிறது. அந்த டிரம்மிலிருந்து வழிவது பச்சை நிறக் குரோம் நீர். சாயமும் எண்ணெயும் ஏற்றும் கடைசிக் கட்டங்களில் சாய நீர் வருகிறது.

இவை அனைத்தையும் ஒரே வாய்க்காலில் விட்டால் எதையும் எளிதாகப் பிரித்தெடுக்க முடியாது. உப்பு எல்லா நீரிலும் பரவும். குரோமியம் எல்லாச் சேற்றிலும் படியும். எனவே முறையான ஒரு டேனரியில் தரையிலேயே பாதைகள் பிரிக்கப்படுகின்றன.

ஊறல் நீர் தனி வாய்க்கால் வழியாகச் சூரிய ஆவியாக்கத் தளங்களுக்குப் போகிறது. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் கட்டப்பட்ட தொட்டிகள் அவை. வெயிலில் நீர் வற்றியதும் உப்பு மிஞ்சும். ஊறப்போடுவதற்கு முன்பே தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும். நீரில் கரைந்த உப்பைப் பிரிக்க ஆகும் செலவோடு பார்த்தால் உதறும் கூலி மிகக் குறைவு.

குரோம் நீருக்கும் தனிக் குழாய் உண்டு. வழக்கமான முறையில், டிரம்மில் இடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறுகிறது. மீதி நீரிலேயே தங்கிவிடும். இந்த நீரைச் சேகரித்து மக்னீசியம் ஆக்சைடு கலந்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடப் பயன்படும் குரோம் கரைசல் கிடைத்துவிடும். சென்னை அடையாறில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மீட்பு முறைகளிலும், குரோமியம் கழிவு குறைந்த பதனிடும் முறைகளிலும் நீண்ட காலமாக உழைத்துவருகிறது.

தரையும் தொட்டியும்

மீதமுள்ள நீர் கலவைக் கழிவாக ஒன்றுசேர்கிறது. அதில் முதல் தொல்லை ரசாயனம் அல்ல. முடியும், தோலின் உள்பக்கத்திலிருந்து சீவிய சதை ஜவ்வும்தான். இரண்டும் சேர்ந்தால் கயிறு போலத் திரித்துக்கொண்டு பம்பின் விசிறியைச் சுற்றிவிடும். அதனால் வாய்க்காலின் குறுக்கே முதலில் அகலமான கம்பித் தடுப்பும், அடுத்து நெருக்கமான வலையும் வைக்கப்படுகின்றன. தினமும் அவற்றை வாரிச் சுத்தம் செய்யாவிட்டால் வாய்க்கால் வழிந்து தரை முழுக்கப் பரவும். வலையைத் தாண்டிய நீர் படிவுத் தொட்டியில் நிதானித்து, சுண்ணாம்பு மண்டியை அடியில் விட்டுவிட்டுச் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது.

பல டேனரிகளில் தரை தெருக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கும். அப்போது நீர் தானாக வெளியே ஓடாது. சேகரிப்புத் தொட்டியில் நீர்மூழ்கிப் பம்ப் வைத்து மேலே தூக்கித்தான் விட வேண்டும். பம்ப் நின்றதும் நீர் திரும்பி இறங்காமலிருக்க, குழாயில் ஒருவழி வால்வு தேவை. ஒரு பம்ப் பழுதானால் உடனே இயக்க இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் சில மணி நேர நீரைத் தாங்கும் அளவு தொட்டிக்கு வேண்டும். டிரம்களைத் திறந்துவிடும் வேளையில் நீர் ஒரேயடியாகப் பாயும். ஆகவே நாள் முழுவதுக்குமான சராசரியைக் கொண்டு தொட்டியின் அளவைத் தீர்மானித்தால் அது வழிந்துவிடும். உச்ச வேளையின் பாய்ச்சலே கணக்கு.

வாயிலை விட்டு வெளியேறும் இடத்தில் மின்காந்த ஓட்டமானி பொருத்தப்படுகிறது. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் முடியும் ஜவ்வும் சிக்குவதில்லை. ஒவ்வொரு டேனரியும் எவ்வளவு நீர் அனுப்பியது என்பதற்கு இந்தக் கருவியே சாட்சி. கட்டணத்துக்கும் கண்காணிப்புக்கும் அதன் அளவுதான் அடிப்படை.

குழாய் போகும் வழி

வெளிக்குழாய்க்கு முதல் விதி சரிவு. கழிவுநீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்டி அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்படும். வேகம் மிகவும் கூடினால், நீரோடு வரும் மணல் குழாயின் உட்புறத்தைத் தேய்த்துவிடும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்று வைத்தால், அரை கிலோமீட்டர் தூரத்தில் குழாய் தொடங்கிய மட்டத்திலிருந்து 5 மீட்டர் கீழே போயிருக்கும். அதற்கு மேல் தோண்டுவது செலவும் ஆபத்தும் கூடிய வேலை. அதனால் இடையிடையே ஏற்று நிலையம் கட்டி, பம்ப் மூலம் நீரை மேலே தூக்கி, மீண்டும் சரிவில் விடுகிறார்கள். நீளமான தூரத்துக்கு அழுத்தக் குழாயிலேயே அனுப்புவதும் உண்டு.

இந்தப் பகுதியில் சரிவுக்கு இன்னொரு முகம் உண்டு. தண்ணீர்த் தேவைக்காகவே டேனரிகள் ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டி எழுந்தன. நிலம் சாயும் திசையும் ஆற்றை நோக்கியதே. அடைத்த குழாயோ நின்ற பம்போ வழிந்த தொட்டியோ எதுவானாலும், தப்பிய நீர் தேடிப்போகும் இடம் பாலாறு.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். சுண்ணாம்பு நீர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாகக் குழாயின் உட்சுவரில் படிகிறது. வருடக்கணக்கில் அந்தப் படிவு கல்லாக இறுகிக் குழாயின் வாயைக் குறுக்கிவிடும். சிமென்ட் குழாய்க்கு வேறொரு பகை: நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் ஈரமான மேல் வளைவில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை மேலிருந்து அரிக்கிறது. ஆகவே அமிலத்துக்கு அசையாத மெருகிட்ட களிமண் குழாய்களும், பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாய்களுமே ஏற்றவை. வளைவுகளிலும் சந்திப்புகளிலும், நேர்க்கோட்டிலும் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் ஆள்நுழைவுக் குழிகள் அமைத்தால்தான் அடைப்பைக் கண்டுபிடித்து நீக்க முடியும்.

கண்ணுக்குத் தெரியாத வாயு

குழாய் அமைப்பின் மிகக் கொடிய ஆபத்து சல்பைடு. சுண்ணாம்பு நீரின் கடும் காரத்தில் அது கரைந்தே இருக்கும், வெளியே வராது. அந்த நீரோடு பிக்ளிங் அமிலநீர் கலந்து பி.எச். இறங்கினால் நிலைமை தலைகீழாகும். பி.எச். 7ஐத் தொடும்போது கரைந்த சல்பைடில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன் சல்பைடாக மாறிவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலும் குழிகளிலும் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு கூடும்போது முகரும் நரம்பே மரத்துப்போவதால் நாற்றம் நின்றதுபோல் தோன்றும். ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கும் அந்த நேரம்தான் உயிருக்கு அதிக அபாயம். மிகுந்த செறிவில் ஓரிரு மூச்சிலேயே மனிதர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் அடுத்தடுத்து விழுவார்.

தோல் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்திகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. சுண்ணாம்பு நீரையும் அமில நீரையும் குறுகிய குழாயில் சந்திக்க விடாமல் பிரித்து வைப்பதும், தொட்டிகளில் காற்று செலுத்திச் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்வதும், வண்டலை இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பதும் இதற்கான பொறியியல் தீர்வுகள்.

குழாய்கள் வந்த கதை

மரப்பட்டையால் பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. குரோமியம் முறை பரவிய பிறகு அதன் இயல்பே மாறியது. 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக்கிய தோலுக்கு ஊக்கம் கிடைத்தது. ரசாயனப் பயன்பாடும் அதோடு பெருகியது.

சிறிய டேனரி ஒவ்வொன்றும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடமும் முதலும் போதாது. பலர் சேர்ந்து ஒரு நிறுவனமாகி, பொது நிலையம் கட்டிக் குழாயால் இணைவதே வழியாயிற்று. ராணிப்பேட்டையில் ராணிடெக், மேல்விஷாரத்தில் விஷ்டெக், வாணியம்பாடியில் வாணிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக் ஆகியவை அப்படி உருவானவை. மத்திய, மாநில அரசுகளின் மானியமும், ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் தொழில்நுட்ப உதவியும் இந்த முயற்சிக்குத் துணைநின்றன.

இதை விரைவுபடுத்தியது நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, தனி நிலையம் கட்டவோ பொது நிலையத்தில் இணையவோ கெடுவும் வைத்தது.

முடிவில் மிஞ்சும் உப்பு

பொது நிலையத்தில் நீர் முதலில் சமநிலைத் தொட்டியில் காற்றோட்டத்தோடு கலக்கப்படுகிறது. பிறகு ரசாயனப் படிவு, உயிரியல் சுத்திகரிப்பு. இவற்றால் கரிமக் கழிவும் குரோமியமும் குறையும். கரைந்த உப்பு குறையாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற கரைந்த திடப்பொருள் வரம்பை எட்ட முடியாமல் போனதால்தான், ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு நிலையங்கள் மாற நேர்ந்தது. எதிர் சவ்வூடு பரவல் சவ்வுகள் நல்ல நீரைப் பிரிக்கின்றன. அது இன்னொரு குழாய் வழியாக டேனரிகளுக்கே திரும்புகிறது. எஞ்சிய அடர் உப்புநீரை ஆவியாக்கி உப்பாக்குகிறார்கள். பல பொருள் கலந்த அந்த உப்பை வாங்குவோர் அரிது. அது கிடங்குகளில் குவிகிறது. ஊறல் நீரைத் தொடக்கத்திலேயே பிரிக்காத டேனரி இந்தக் குவியலையும் எரிபொருள் செலவையும் கூட்டுகிறது.

சேமிக்கும் கட்டுமானம் தவறினால் என்ன நேரும் என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலை காட்டியது. ராணிப்பேட்டை சிட்கோ வளாகப் பொது நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகிலிருந்த டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தனர். டேனரி மாசு குறித்த வழக்கில், மாசால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான இழப்பீட்டை வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட்டது.

அமைப்பின் பராமரிப்பு இரு கைகளில் இருக்கிறது. வாயிலுக்கு உள்ளே பிரித்து விடுவதும், வலையை வாருவதும், குரோமியத்தை மீட்பதும் டேனரியின் பொறுப்பு. வாயிலுக்கு வெளியே குழாய், ஏற்று நிலையம், சுத்திகரிப்பு எல்லாம் பொது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டையும் கண்காணிப்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். மழைக்காலத்தில் கூரை நீரையும் முற்றத்து நீரையும் கழிவு வாய்க்காலில் சேரவிடாமல் தனி வடிகாலில் திருப்புவதும் இந்தக் கடமைகளில் ஒன்று. மழைநீர் கலந்தால் அளவுக்கு மீறி வழியும் தொட்டியிலிருந்து கழிவும் சேர்ந்தே வெளியேறும்.